கென்யாவுக்கு விலங்கும் பறவையும் பார்க்கப் போகிறீர்களா? கிளம்புமுன் எல்லோரும் கேட்கிற கேள்விகள்

கென்யாவின் மசாய் மாரா சரணாலயத்துக்கு மூன்று தடவை போய் வந்திருக்கிறேன். அதிலிருந்து நண்பர்கள், நண்பர்களின் மாமனார்கள், பக்கத்து வீட்டுக்காரரின் ஆபீஸ் சிநேகிதர்கள் என்று யாராவது ஒருவர் மாதம் தவறாமல் போன் செய்கிறார். கேள்விகள் அனேகமாக ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். நான் டூர் நடத்துகிறவன் அல்ல, யாரிடமும் கமிஷன் வாங்குவதில்லை. பறவை பார்க்கிற கிறுக்கு உண்டு, அது பதில்களில் தெரியும்.

'கேம் ரிசர்வ்' என்கிறார்களே, அங்கே வேட்டையாடுவார்களா?

கென்யாவில் இல்லை. 1977-லேயே வேட்டையைத் தடை செய்துவிட்டார்கள். வெள்ளைக்காரன் துப்பாக்கியோடு அலைந்த காலத்தில் வேட்டை விலங்குக்கு வைத்த பெயர்தான் 'கேம்'. 'பிக் ஃபைவ்' என்பதும் அந்தக் காலத்து வார்த்தை. நடந்துபோய்ச் சுடுவதற்கு ஆபத்தான ஐந்து என்று சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகத்தைச் சேர்த்து வைத்தார்கள். ஒட்டகச்சிவிங்கி அந்தப் பட்டியலில் இல்லாததற்கும் அதுதான் காரணம். வேட்டைக்காரனின் பட்டியலை வைத்துக்கொண்டு நாம் ஏன் டிக் அடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். ஆனாலும் எல்லா பிரசுரத்திலும் அதுதான் முதல் வரி.

சில ஆப்பிரிக்க நாடுகளில் பணம் கட்டி வேட்டையாடும் பகுதிகள் இன்றும் உண்டு. நீங்கள் போகும் இடம் கென்யா என்றால் அந்தக் கவலை வேண்டாம்.

நேஷனல் பார்க், ரிசர்வ், கன்சர்வன்சி மூன்றும் ஒன்றா?

இல்லை. எதில் தங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பயணமே மாறிவிடும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நேஷனல் பார்க் மத்திய அரசின் வனவிலங்குத் துறையிடம் இருக்கிறது. நகுரு, நைரோபி எல்லாம் அந்த வகை. ரிசர்வ் என்றால் அந்தந்த மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருப்பது. மசாய் மாரா அப்படிப்பட்டது, சுமார் 1,510 சதுர கிலோமீட்டர், நாரோக் கவுன்ட்டிக்குச் சொந்தம். அதிலேயே மாரா ஆற்றுக்கு மேற்கே இருக்கும் 'மாரா டிரையாங்கிள்' பகுதியை 2001 முதல் தனி அமைப்பொன்று பராமரிக்கிறது. சாலையும் ஒழுங்கும் அங்கே ஒரு படி மேல்.

கன்சர்வன்சி என்பது ரிசர்வைச் சுற்றியுள்ள மசாய் மக்களின் சொந்த நிலம். பல குடும்பங்கள் நிலத்தைச் சேர்த்துக் குத்தகைக்கு விடுகின்றன, கேம்ப்காரர்கள் மாதாமாதம் வாடகை தருகிறார்கள். விலங்கு இருந்தால்தான் வாடகை வரும் என்பதால் விலங்கும் பிழைக்கிறது. ஓலாரே மோட்டோரோகி என்ற கன்சர்வன்சியில் 700 ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்று கணக்கே வைத்திருக்கிறார்கள். ஒரு சிங்கத்தைச் சுற்றி இரண்டு மூன்று வண்டிக்கு மேல் நிற்காது. ரிசர்வுக்குள் அனுமதியில்லாத நடைப்பயணம், இரவில் விளக்கோடு போகும் உலா, பாதையை விட்டு இறங்கி ஓட்டுவது எல்லாம் இங்கே கைடோடு செய்யலாம்.

விலை அதிகம், மறுக்கவில்லை. ஆனால் ஐந்து இரவு ரிசர்வ் ஓரத்து லாட்ஜில் தங்குவதைவிட மூன்று இரவு கன்சர்வன்சியில் தங்குவது மேல் என்பேன். பறவை பார்க்கிறவர்களுக்கு இதில் சந்தேகமே வேண்டாம். காலால் நடந்தால்தான் சின்னப் பறவை கண்ணில் படும்.

எந்த மாதம் போகலாம்?

நீங்கள் எதைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

காட்டுமான் கூட்டம், அதாவது வில்டபீஸ்ட், ஜூலையிலிருந்து அக்டோபர் வரை மாராவில் இருக்கும். பத்து லட்சத்துக்கும் மேலான மாடு போன்ற அந்த மான்கள், கூடவே லட்சக்கணக்கில் வரிக்குதிரைகள், மழையையும் புல்லையும் தொடர்ந்து தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து வரும். அப்போது பயணிகள் கூட்டமும் அதிகம், கட்டணமும் அதிகம். ரிசர்வ் நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை தலைக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். பன்னிரண்டு மணி நேரத்துக்குத்தான். கிளம்புமுன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள், இந்தத் தொகை அடிக்கடி மாறும்.

பறவைக்கு நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. ஐரோப்பாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வலசை வந்தவை அப்போது இருக்கும். உள்ளூர்ப் பறவைகளும் மழையை ஒட்டி இனப்பெருக்கக் கோலம் பூண்டிருக்கும். மார்ச் கடைசியிலிருந்து மே வரை பெருமழை. கறுப்பு மண்ணில் வண்டி புதையும், சில கேம்ப்கள் மூடிவிடும். ஆனால் மழை நின்ற ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் வெளிச்சம் வேறு எப்போதும் கிடைக்காது.

எனக்குப் பிடித்தது பிப்ரவரி. காட்டுமான் கூட்டம் இருக்காது, வேன் கூட்டமும் இருக்காது.

டிவியில் காட்டுவார்களே, முதலை காத்திருக்க மான்கள் ஆற்றைத் தாண்டுவது. அதைக் கட்டாயம் பார்த்துவிடலாமா?

கட்டாயம் என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் பணம் கட்டாதீர்கள். கூட்டம் கரைக்கு வரும், நிற்கும், முதல் மான் குளம்பைத் தண்ணீரில் வைக்கும், ஏதோ ஒரு வரிக்குதிரை செருமும், மொத்தமும் திரும்பி ஓடிவிடும். மூன்று மணி நேரம் வெயிலில் காத்திருந்து இப்படி இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். மூன்றாவது நாள் பார்த்தேன். எட்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது, தூசியில் பாதி தெரியவில்லை.

நல்ல கைடு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

லாட்ஜில் நீச்சல் குளம் இருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்களே, அதற்கே கை கொடுக்க வேண்டும். வண்டி ஓட்டுகிறவரும் வழிகாட்டுகிறவரும் அங்கே பெரும்பாலும் ஒருவரேதான். அவர் எப்படியோ அப்படித்தான் பயணம்.

முதல் தடவை நான் செய்த தப்பைச் சொல்கிறேன். விலை குறைவு என்று ஏழு பேர் சேர்ந்து போகும் வேனில் இடம் பிடித்தேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். டிரைவர் நல்ல மனிதர்தான், ஆனால் கண் சாலையில், காது ரேடியோவில். யாரோ ஒரு டிரைவர் 'சிம்பா' என்றால் இவர் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். போய்ச் சேரும்போது இருபது வேன்கள் நிற்கும், நடுவில் ஒரு சிங்கம் தூங்கிக்கொண்டிருக்கும். வழியில் ஒரு செயலாளர் பறவை, உயரம் நாலடி இருக்கும், பாம்பை மிதித்துக் கொல்கிறது என்று நான் கத்தினேன். "பறவைதானே" என்று சொல்லிவிட்டு ஓட்டினார். இன்னும் ஆறவில்லை.

இரண்டாவது முறை வாய்த்த கைடு ஒரு நடுத்தர வயது மசாய்க்காரர். முதல் நாள் காலை ஆறே காலுக்கு, ஒரு புதரிலிருந்து ஐம்பதடி தள்ளி வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். ஒன்றுமில்லை. "கேளுங்கள்" என்றார். கினிக்கோழிகள் கல்லைக் கல்லில் தட்டுகிற மாதிரி விடாமல் கத்திக்கொண்டிருந்தன. தூரத்தில் மூன்று ஒட்டகச்சிவிங்கிகள் இலை தின்பதை நிறுத்திவிட்டு ஒரே பக்கம் பார்த்தபடி நின்றன. அவை பார்க்கும் திசையை விரலால் கோடு போட்டுக் காட்டினார். இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். கோழிகள் கத்திய இடத்திலிருந்து ஒரு சிறுத்தை எழுந்து, எங்களைச் சட்டை செய்யாமல் மண் பாதையைக் கடந்து போயிற்று. ரேடியோவில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் மட்டும்தான்.

ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டியவை இரண்டு மூன்று உண்டு. கென்யாவின் தொழில்முறை சஃபாரி கைடுகள் சங்கம் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படியில் தகுதி கொடுக்கிறது. உங்கள் கைடு எந்தப் படி என்று கேளுங்கள். வெள்ளி என்றால் நிம்மதி. தங்கம் என்றால் தேதியை மாற்றியாவது பிடித்துக்கொள்ளுங்கள், அந்த நாட்டிலேயே அவர்கள் கொஞ்சம் பேர்தான். அப்புறம், அவரிடம் சொந்தமாக பைனாகுலர் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி தெரிந்துவிடும். முடிந்தால் வண்டி முழுவதையும் உங்கள் குழுவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். 'நிறுத்துங்கள்' என்று சொல்லும் உரிமைக்காகத்தான் அந்தக் கூடுதல் பணம்.

எனக்குப் பறவையைப் பற்றி ஒன்றும் தெரியாது. காக்கா, மைனா, கிளி அவ்வளவுதான். எனக்கு இதில் என்ன இருக்கிறது?

பறவை தெரிந்தவர் விலங்கையும் அதிகம் பார்ப்பார் என்பது ஒரு பதில். வானத்தில் பிணம் தின்னும் பாறுகள் வட்டமடிப்பதை விட்டுவிட்டு ஒரே இடத்துக்கு இறங்கினால் அங்கே ஏதோ செத்திருக்கிறது. இறங்காமல் மரத்தில் வரிசையாகக் காத்திருந்தால் அங்கே இன்னும் சிங்கம் தின்றுகொண்டிருக்கிறது. காட்டெருமை முதுகில் உண்ணி கொத்தும் பறவை திடீரென்று சீறிக்கொண்டு எழுந்தால் புல்லுக்குள் ஆளோ விலங்கோ வருகிறது.

இன்னொரு பதில், நேரம். சிங்கம் ஒரு நாளில் பெரும்பகுதி தூங்கும். அது தூங்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? மாராவில் மட்டும் 450-க்கு மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன. கென்யா முழுவதும் ஆயிரத்துக்கு மேல். கண்ணைத் திருப்பினால் போதும்.

ஜாக்சன் விதவைப் பறவை என்று ஒன்று. நம் தூக்கணாங்குருவிக் குடும்பம்தான். மழைக்காலத்தில் ஆண் பறவை கரிக்கட்டை போலக் கறுத்து, வளைந்த நீண்ட வால் முளைத்திருக்கும். நடுவில் ஒரு கொத்துப் புல்லை விட்டுவிட்டுச் சுற்றிலும் வட்டமாகப் புல்லை மிதித்துத் தரையாக்கும். பிறகு குதிக்கும். ரப்பர் பந்து மாதிரி, தலையைப் பின்னால் வளைத்து, வாலைத் தூக்கி, புல் உயரத்துக்கு மேலே எழும்பி விழும். மறுபடி எழும்பும். ஒரு மைதானத்தில் இருபது முப்பது கறுப்புப் பந்துகள் இப்படி எழும்பி விழுந்துகொண்டிருப்பதை யோசித்துப் பாருங்கள். பழுப்பு நிறப் பெண் குருவி வேலி ஓரத்துப் பெண்பிள்ளை மாதிரி எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். சிங்கத்துக்காக வந்த என் மைத்துனர் இதைப் பார்த்துவிட்டு முக்கால் மணி நேரம் வண்டியை நகர்த்த விடவில்லை.

நம்மூர்ப் பறவைகள் அங்கே இருக்குமா?

இருக்கும், சொந்தக்காரர்களும் இருப்பார்கள். கருப்பு வெள்ளை மீன்கொத்தி, நெடுங்கால் உள்ளான், சாம்பல் நாரை, கருந்தோள் பருந்து எல்லாம் நம் ஏரியில் பார்ப்பது போலவே. கொண்டலாத்தி, உண்ணிக்கொக்கு, ஆட்காட்டி, செம்போத்து, கரிச்சான், தேன்சிட்டு, பஞ்சுருட்டான் ஆகியவற்றில் பங்காளி இனங்கள். முதல் நாளிலேயே "இது நம்ம..." என்று ஆரம்பித்துவிடுவீர்கள்.

அப்புறம் வித்தியாசம் பிடிபடும். நம் மின்கம்பியில் உட்காரும் பனங்காடைக்கு அங்கே ஒரு சகோதரி, மார்பில் கத்தரிப்பூ நிறம் பூசி, வாலில் இரண்டு நீள இறகு வைத்துக்கொண்டு. மைனாக் குடும்பத்தில் ஒன்று நீலமும் செங்கல் நிறமுமாகப் பளபளத்து, லாட்ஜ் மேசையில் ரொட்டித் துணுக்கு பொறுக்கும். நாம் இருவாச்சியைப் பார்க்க வால்பாறையில் கழுத்து வலிக்க நிமிர்ந்து நிற்போம். அங்கே தரை இருவாச்சி என்று ஒன்று, வான்கோழி அளவில், கறுப்பு உடம்பும் சிவப்புத் தொண்டையுமாக நாலைந்து பேர் சேர்ந்து புல்வெளியில் உலாவப் போகும். விடியற்காலையில் அது உறுமும் அடித்தொண்டைக் குரலைத் தூரத்துச் சிங்கம் என்று நினைத்து எழுந்து உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன்.

இரண்டு ஊருக்கும் பொதுவான பயணிகளும் உண்டு. அமூர் வல்லூறு என்ற சின்ன வேட்டைப் பறவை சீனா, சைபீரியப் பக்கத்திலிருந்து கிளம்பி நாகாலாந்தில் லட்சக்கணக்கில் இறங்கி இளைப்பாறும். 2012-ல் டோயாங் அணைக்கட்டுப் பக்கம் வலை வைத்துக் கொத்துக் கொத்தாகப் பிடித்தார்கள். அடுத்த வருடமே ஊர்க்காரர்கள் கூடி அதை நிறுத்தினார்கள். அங்கிருந்து இந்தியாவின் குறுக்கே வந்து, அரபிக்கடலை நிற்காமல் தாண்டி, கிழக்கு ஆப்பிரிக்கா வழியாகத் தெற்கே போகும். நவம்பர் டிசம்பரில் கென்யாவில் இருந்தால் தலைக்கு மேலே பாருங்கள். வட இந்தியாவுக்கு மழையைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லும் சுடலைக்குயிலும் அந்தக் கரையிலிருந்து வருகிற விருந்தாளிதான்.

நகுரு ஏரியில் பூநாரைகள் இளஞ்சிவப்புக் கம்பளம் மாதிரி நிற்குமாமே?

பழைய காலண்டர் படம் அது. பூநாரை தின்பது உப்பும் காரமுமான தண்ணீரில் வளரும் நுண்பாசியை. 2010-க்குப் பிறகு நகுருவில் தண்ணீர் மட்டம் ஏறிக்கொண்டே போய், காரம் நீர்த்து, பாசி குறைந்தது. பெரும்பாலான பறவைகள் போகோரியா போன்ற வேறு ஏரிகளுக்குப் போய்விட்டன. கரையோரச் சாலையும் கருவேல மரங்களும் தண்ணீருக்குள் நிற்பதை இப்போதும் பார்க்கலாம். நகுருவுக்குக் காண்டாமிருகத்துக்காகப் போங்கள். பூநாரைதான் வேண்டும் என்றால் போகோரியாவில் எப்படி இருக்கிறது என்று அந்த வாரமே கைடிடம் விசாரியுங்கள்.

செத்ததைத் தின்னும் கழுகையெல்லாம் காசு கொடுத்துப் பார்க்க வேண்டுமா?

கழுகு அல்ல, பாறு. அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தால் இந்தக் கேள்வி வராது. ஒரு வரிக்குதிரைப் பிணத்தில் யார் முதலில், யார் கடைசி என்று வேலைப் பிரிவினை உண்டு. காது மடல் தொங்குவது போன்ற பெரிய பாறு வந்துதான் தடித்த தோலைக் கிழிக்கும், மற்றவற்றின் அலகுக்கு அந்தப் பலம் இல்லை. கிழித்த வழியில் வெண்முதுகுப் பாறுகள் நீண்ட கழுத்தை உள்ளே விட்டுச் சண்டை போட்டுத் தின்னும். முக்காடு போட்ட சின்னப் பாறு ஓரமாக நின்று சிந்தியதைப் பொறுக்கும். ரூப்பெல் பாறு என்பது ஐவரி கோஸ்ட் நாட்டுக்கு மேலே 1973-ல் ஒரு விமானத்தில் மோதியது. அப்போது விமானம் பறந்த உயரம் 11,300 மீட்டர்.

நம் நாட்டில் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி ஊசி, அந்த மாடு செத்தபின் தின்ற பாறுகளை அழித்தது. அங்கே விஷம். மாட்டை அடித்த சிங்கத்தைப் பழிவாங்க, மிச்சக் கறியில் பூச்சிமருந்து தடவி வைப்பார்கள். சிங்கம் வருமோ வராதோ, நூறு பாறுகள் வந்துவிடும். முதுமலை, மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் சில நூறு பாறுகளை எண்ணிக்கொண்டிருக்கும் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு, ஒரே பிணத்தில் அறுபது பாறுகளைப் பார்ப்பது சாதாரண விஷயம் இல்லை.

வண்டியின் மேல்பக்கம் திறந்திருக்கிறது. சிங்கம் பாய்ந்துவிடாதா?

வண்டியையும் அதற்குள் இருப்பவர்களையும் அது ஒரே பொருளாகத்தான் பார்க்கிறது என்பார்கள். வெளியே கை நீட்டுவது, கூரைமேல் ஏறி உட்காருவது, இறங்குவது என்று அந்த உருவத்தை உடைக்காத வரை பயமில்லை. சத்தம் வேண்டாம். ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது, இருபத்தைந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், மற்றவர்கள் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் நகர வேண்டும் என்பது மாராவின் விதி. உங்கள் கைடு அதை மீறினால் 'இன்னும் கிட்டப் போ' என்று தூண்டாதீர்கள். டிப்ஸுக்காகத்தான் அவர் மீறுகிறார்.

பாத்ரூம்?

பெண்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி, ஆனால் முதலில் கேட்க வேண்டியது. வாசல் கேட்டிலும் சில பிக்னிக் இடங்களிலும் கழிப்பறை உண்டு. நடுவில் என்றால் கைடு சுற்றிலும் நோட்டம் விட்டு, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, வண்டியின் மறைவில் போகச் சொல்வார். அங்கே 'டயர் செக் பண்ணணும்' என்றால் அதுதான் அர்த்தம். டிஷ்யூவை அங்கே போடாமல் ஒரு காகிதப் பையில் திரும்பக் கொண்டுவாருங்கள்.

ஊசி, மாத்திரை, விசா?

மஞ்சள் காய்ச்சல் ஊசி. இந்தியாவிலிருந்து நேரே போகிறவரிடம் கென்யா கேட்காமல் இருக்கலாம். கென்யாவிலிருந்து திரும்பும்போது இந்தியா கேட்கும். ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டை இல்லாவிட்டால் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் பதில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தும் இடத்துக்குப் போக நேரும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு, குறைந்தது மூன்று வாரம் முன்னால் போங்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், அதன்பின் ஆயுளுக்கும் செல்லும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், அறுபது தாண்டியவர்கள் மருத்துவரிடம் முதலில் பேசுங்கள்.

மலேரியா மாத்திரையும் மருத்துவர் சொல்லித்தான். போவதற்கு முன்பே ஆரம்பித்து, வந்த பிறகும் சில நாள் தொடர வேண்டும். வந்தபின் நிறுத்திவிடுகிற ஆட்கள் நிறைய.

விசா 2024 ஜனவரியிலிருந்து இல்லை, அதற்குப் பதில் மின்னணுப் பயண அனுமதி. ஆன்லைனில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஏஜென்ட்டுக்குத் தனியாகப் பணம் தர வேண்டியதில்லை.

என்ன பைனாகுலர், என்ன கேமரா?

8×42 பைனாகுலர், ஆளுக்கு ஒன்று. இதில் கஞ்சத்தனம் கூடாது. நான்கு பேருக்கு ஒரு பைனாகுலர் என்றால் சண்டையும் வரும், பறவையும் பறந்துவிடும். கேமராவுக்கு 100–400 மி.மீ. போன்ற ஜூம் லென்ஸ் ஒன்று போதும். தூசியில் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். டிரைபாட் வண்டிக்குள் உதவாது. ஒரு கெட்டித் துணிப்பையைத் தைத்துக் காலியாகக் கொண்டுபோய், போகும் வழியில் வரும் நாரோக் ஊர்க் கடைத்தெருவில் இரண்டு கிலோ அரிசியோ பயறோ வாங்கி நிரப்பி, ஜன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது அந்த அரிசியை யாருக்காவது கொடுத்துவிடலாம். ட்ரோன் கொண்டுபோகாதீர்கள், பறிமுதல் ஆகும்.

பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் ஆப்பில் கென்யாப் பறவைகளுக்கான தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் வேலை வேண்டாம். கூடு கட்டும் பருவத்தில் அது பாவம், எதிரி வந்துவிட்டான் என்று அலைபாயும்.

பையில் என்ன எடுக்க வேண்டும்?

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து ஸ்வெட்டர் இல்லாமல் போகிறவர்கள்தான் அதிகம். மாரா ஏறக்குறைய ஏற்காடு உயரம். காலை ஆறு மணிக்கு மேல் திறந்த வண்டியில் பல் கிட்டும். பழுப்பு, காக்கி, மங்கிய பச்சை உடைகள் நல்லது. அடர்நீலமும் கறுப்பும் கடிக்கிற ட்செட்சே ஈயைக் கூப்பிடும். ராணுவ உடை மாதிரிப் புள்ளி போட்ட துணி வேண்டாம்.

சிறிய விமானத்தில் போனால் 15 கிலோதான், அதுவும் மடங்கும் துணிப்பையில். டிராலி பெட்டி ஏறாது. மூன்று பின் பிளக்கில் அங்கே சதுரக் கால்கள், அதற்கான அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

முக்கியமான ஒன்று. 2017 ஆகஸ்டிலிருந்து கென்யாவில் பிளாஸ்டிக் கவர் தடை. 2020 ஜூனிலிருந்து காப்பகங்களுக்குள் ஒரு முறை உபயோகிக்கும் பிளாஸ்டிக் பாட்டிலும் கூடாது. அம்மா கொடுத்த முறுக்கையும் பருப்புப் பொடியையும் கேரி பேக்கில் கட்டாதீர்கள், டப்பாவில் போடுங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

தாராளமாக. சப்பாத்தி அங்கே அவர்களுடைய சாப்பாடாகவே ஆகிவிட்டது. 1896-ல் ரயில் பாதை போட இந்தியாவிலிருந்து போன தொழிலாளிகளும் அவர்கள் பின்னால் போன கடைக்காரர்களும் விட்டுவந்தது. சாலையோரக் கடையில் சப்பாத்தியும் 'சுகுமா விக்கி' என்ற கீரைப் பொரியலும் சாப்பிட்டுப் பாருங்கள், லாட்ஜ் பஃபேயைவிட நன்றாக இருக்கும்.

வயதான அப்பா அம்மா, சின்னக் குழந்தைகள்?

முதுகுவலி இருந்தால் நைரோபியிலிருந்து சாலை வழி வேண்டாம். 270 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேரம். வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறிய விமானத்தில் முக்கால் மணி நேரம்தான். ஆறு வயதுக்குக் கீழே குழந்தைக்கு நாலு மணி நேரம் அசையாமல் வண்டியில் இருப்பது தண்டனை. காலை உலாவை இரண்டு மணி நேரமாகக் குறைக்கச் சொல்லுங்கள், தனி வண்டியென்றால் முடியும்.

டிப்ஸ் எவ்வளவு?

ஒரு நாளைக்கு ஒரு வண்டிக்கு 15–20 டாலர் வழக்கம். கடைசி நாள் கவரில் போட்டு கைடின் கையிலேயே கொடுங்கள். கேம்ப் ஊழியர்களுக்கு வரவேற்பறையில் பொதுப்பெட்டி இருக்கும்.

நான்கு வார்த்தை சுவாஹிலி சொல்லிக்கொடுங்களேன்.

ஜாம்போ என்றால் வணக்கம். அசான்டே, நன்றி. போலே போலே, மெதுவாக, இதை டிரைவரிடம் அடிக்கடி சொல்லுங்கள். சுய் என்றால் சிறுத்தை, துமா என்றால் சிவிங்கிப்புலி. 'ன்டெகெ' என்றால் பறவை, விமானத்துக்கும் அதே சொல்தான். முதல் நாள் "நாளைக்கு எனக்கு ன்டெகெ வேண்டும்" என்று நான் சொன்னதற்கு கேம்ப்காரர் "எத்தனை மணிக்கு சார், டிக்கெட் இருக்கிறதா?" என்று கேட்டார்.

சிங்கத்தைப் பார்க்காமலே திரும்பிவிட்டால்?

மாராவில் மூன்று நாள் இருந்தால் அனேகமாகப் பார்த்துவிடுவீர்கள். சிறுத்தைதான் சந்தேகம், காண்டாமிருகம் அதைவிடச் சந்தேகம்.

திரும்பும் விமானம் ராத்திரி. நைரோபியில் ஒரு பகல் முழுக்க என்ன செய்வது?

மாலுக்குப் போகாதீர்கள். நகரத்தை ஒட்டியே 1946-லிருந்து ஒரு நேஷனல் பார்க் இருக்கிறது, 117 சதுர கிலோமீட்டர். காண்டாமிருகத்துக்குப் பின்னால் அடுக்குமாடிக் கட்டடங்கள் தெரியும். மாராவில் கிடைக்காத காண்டாமிருகம் எனக்கு இங்கேதான் கிடைத்தது.

அந்த நாள் புதன்கிழமையாக இருந்தால் இன்னும் நல்லது. 1909-ல் தொடங்கிய இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் வழிவந்த நேச்சர் கென்யா அமைப்பினர் ஒவ்வொரு புதன் காலையும் நைரோபி தேசிய அருங்காட்சியகத்தில் கூடிப் பறவை பார்க்கக் கிளம்புகிறார்கள். காலை 8.45. புதியவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள், கைடு தேர்வுக்குப் படிக்கிறவர்கள் என்று எல்லோரும் இருப்பார்கள், சந்தேகம் கேட்டால் மூன்று பேர் பதில் சொல்வார்கள். போகும் வழியில் சாலையோர மரங்களில் மொட்டைத் தலையோடு கிழட்டு வக்கீல் மாதிரி நிற்கும் பெரிய நாரைகளைப் பார்ப்பீர்கள், மராபு என்று பெயர், நம் பெருநாரைக்குச் சொந்தம். அன்று காலை எழுந்திருக்க அலாரம் வைக்க வேண்டியதில்லை. அரிவாள்மூக்கன் குடும்பத்து ஹடாடா, ஐந்தரை மணிக்கெல்லாம் ஓட்டல் கூரையில் உட்கார்ந்து, தன் பெயரைத் தானே உரக்கக் கூப்பிட ஆரம்பித்துவிடும்.